பள்ளிப் பஸ் வழித்தட மென்பொருள்: பேட்ச் வேலை பிசகினால் எங்கே பார்ப்பது

காலையில் முதல் பஸ் கிளம்புவதற்குள் ஏதோ தவறு என்று தெரிந்துவிடும். ஓட்டுநர் கையில் உள்ள பட்டியலில் பாதிப் பெயர்கள் இல்லை, அல்லது ஒரே மாணவரின் பெயர் இரண்டு நிறுத்தங்களில் இருக்கிறது. உடனே கை எங்கே போகும் என்றால், இரவு ஓடிய அதே பேட்ச் கருவியை (பல பதிவுகளை ஒரே ஓட்டத்தில் மொத்தமாக மாற்றும் கருவி) மறுபடியும் ஓட்டும் பொத்தானுக்கு. அங்கே போக வேண்டாம். பழுது என்னவென்று தெரியாமல் இரண்டாம் முறை ஓட்டினால், என்ன நடந்தது என்று கருவி வரிவரியாகக் குறித்து வைத்த லாக் கோப்பின் மேல் புதிய லாக் எழுதப்படும்; உள்ளே வந்த தரவுக் கோப்பு வேறு இடத்துக்கு நகர்த்தப்படும்; எல்லாப் பதிவுகளிலும் 'கடைசியாக மாற்றிய நேரம்' ஒன்றாகிவிடும். இருந்த மூன்று துப்புகளும் ஒரே அடியில் போய்விடும். போதாக்குறைக்கு, பேட்ச் கருவி செய்த மாற்றத்தைத் திரும்பப் பெறும் வசதி இந்த வகை மென்பொருளில் பெரும்பாலும் கிடையாது.

## எதையும் தொடுவதற்கு முன்

இப்போது இருக்கும் நிலையை, கெட்டது கெட்டபடியே, ஒரு பேக்கப் எடுங்கள். கெட்டுப்போனதை எதற்குச் சேமிப்பது என்று தோன்றும். காலை முதல் யாராவது கையால் செய்த திருத்தங்கள் அதில்தான் இருக்கின்றன. அடுத்து, பள்ளியின் மாணவர் பதிவு மென்பொருளிலிருந்து வந்த இறக்குமதிக் கோப்பையும் லாக் கோப்பையும் வேறொரு கோப்புறையில் நகல் எடுத்து வையுங்கள். இன்றிரவு ஓடவிருக்கும் வேலையை அட்டவணையில் நிறுத்தி வையுங்கள்.

பிறகு மூன்று எண்ணிக்கைகள் வேண்டும்: நடப்பு மாணவர்கள் எத்தனை பேர், அவர்களில் வரைபடத்தில் இடம் பொருந்தியவர்கள் எத்தனை பேர், நிறுத்தம் ஒதுக்கப்பட்டவர்கள் எத்தனை பேர். நேற்றைய எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் எந்தப் பகுதிக்குப் போக வேண்டும் என்பது தெரிந்துவிடும். முதல் எண் மாறியிருந்தால் இறக்குமதி. முதல் எண் சரியாக இருந்து இரண்டாவது குறைந்திருந்தால் முகவரி. மூன்றாவது மட்டும் சரிந்திருந்தால் ஒதுக்கீடு. மூன்றும் அப்படியே இருந்தால் நேரமோ பஸ் தகுதியோ பிசகியிருக்கிறது, அல்லது எண்ணிக்கை மாறாமலே ஒதுக்கீடு இடம் மாறியிருக்கிறது. அல்லது வேலை ஓடவே இல்லை.

## அறிகுறி: இரவு வேலை ஓடவில்லை, அல்லது ஓடியும் எதுவும் மாறவில்லை

குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து, கடைசியாக ஓடிய நேரத்தையும் முடிவையும் பாருங்கள். அங்கிருந்து வழி பிரிகிறது.

### இன்னும் ஓடிக்கொண்டிருப்பதாகக் காட்டுகிறது

கருவி எங்கோ ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறது. "இந்தக் கோப்பை மாற்றி எழுதலாமா?" என்ற சிறு பெட்டி, யாரும் பார்க்க முடியாத பின்னணியில் திறந்து கிடக்கும். கட்டளையில் 'கேள்வி கேட்காதே' என்ற அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், மாலையில் யாரோ மென்பொருளை மூடாமல் வீட்டுக்குப் போயிருப்பார்கள். தரவுத்தளத்தைத் தனக்கு மட்டும் என்று பூட்டிக்கொண்டு வேலை செய்யும் கருவிகளுக்கு, திறந்து விடப்பட்ட ஒரே ஒரு திரை போதும், இரவு முழுக்கக் காத்துக் கிடக்கும்.

### ஓடிய உடனே பிழையோடு நின்றுவிட்டது

முதலில் கடவுச்சொல். வேலை எந்தப் பயனர் கணக்கில் ஓடுகிறதோ அந்தக் கணக்கின் கடவுச்சொல் மாற்றப்பட்டிருந்தால் ஷெட்யூலருக்கு அது தானாகத் தெரியாது. அடுத்து டிரைவ் எழுத்து. பகலில் நீங்கள் உள்நுழைந்திருக்கும்போது தெரியும் பிணைய டிரைவ், யாரும் உள்நுழையாத இரவில் இருக்காது. கையால் ஓட்டினால் ஓடுகிறது, தானாக ஓட மறுக்கிறது என்றால் பத்தில் எட்டு முறை இதுதான் காரணம் என்று பந்தயம் கட்டுவேன். டிரைவ் எழுத்தை எடுத்துவிட்டு, சர்வர் பெயரில் தொடங்கும் முழுப் பாதையைக் கொடுங்கள். 'தொடங்கும் கோப்புறை' என்ற கட்டம் காலியாக இருந்தாலும் கருவியால் தன் அமைப்புக் கோப்பைக் கண்டுபிடிக்க முடியாமல் போகலாம்.

### வெற்றி என்று காட்டுகிறது, ஆனால் தரவு பழையது

பேட்ச் கோப்பு திருப்பித் தரும் முடிவு பெரும்பாலும் அதன் கடைசிக் கட்டளையின் முடிவு. கடைசி வரி லாக் கோப்பை நகலெடுப்பதாக இருந்தால், நடுவில் இறக்குமதி தோற்றிருந்தாலும் நகல் எடுத்தது வெற்றிதானே, அதையே சொல்லும். ஆகவே ஷெட்யூலரை நம்பாமல் லாக் கோப்பைத் திறந்து படியுங்கள். இறக்குமதிக் கோப்பின் தேதியையும் பாருங்கள். பள்ளியின் மாணவர் பதிவு மென்பொருள் புதிய கோப்பை அனுப்பத் தவறியிருந்தால், நேற்றைய கோப்பே இன்றும் சமர்த்தாக உள்ளே போயிருக்கும்.

### குறிப்பிட்ட நாள்களில் மட்டும் ஓடவில்லை

மடிக்கணினியில் அமைத்திருந்தால், மின் இணைப்பில் இருந்தால் மட்டுமே ஓடு என்ற நிபந்தனை ஷெட்யூலரில் முன்னிருப்பாகவே டிக் ஆகியிருக்கும், எடுத்துவிடுங்கள். கோடையில் கடிகாரத்தை முன்தள்ளும் நாடுகளில் பல இடங்களில், மாற்றம் நடக்கும் இரவில் 2 மணியிலிருந்து 3 மணி வரையிலான நேரமே இருக்காது. பின்தள்ளும் இரவில் ஒரு மணி நேரம் இருமுறை வரும். அந்த இடைவெளியில் எந்தப் பேட்ச் வேலையையும் வைக்காதீர்கள்.

எப்போது அழைப்பது: லாகில் வட்டு நிறைந்துவிட்டது, பரிவர்த்தனை லாக் (தரவுத்தளம் தன் மாற்றங்களைக் குறித்து வைக்கும் கோப்பு) நிறைந்துவிட்டது என்ற செய்தி இருந்தால் தரவுத்தள நிர்வாகியை அழையுங்கள். இடம் வேண்டும் என்று பரிவர்த்தனை லாக் கோப்பை நீங்களே அழித்துவிட்டால் தரவுத்தளம் திறக்காமலே போகலாம்.

## அறிகுறி: மாணவர்கள் இரட்டிப்பானார்கள், அல்லது காணாமல் போனார்கள்

### இரட்டிப்பு

ஒரே பெயர் உள்ள இரண்டு பதிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாணவர் எண்ணைப் பாருங்கள். ஒன்றில் 004512, மற்றொன்றில் 4512 என்று இருந்தால் மேற்கொண்டு தேட வேண்டாம்: இடையில் யாரோ கோப்பை எக்செலில் திறந்து சேமித்திருக்கிறார்கள். எக்செல் முன்னால் இருக்கும் பூஜ்யங்களை விழுங்கிவிடும். 15 இலக்கத்துக்கு மேல் நீளும் எண்களில் மீதி இலக்கங்களைப் பூஜ்யமாக்கிவிடும், அப்போது இரண்டு மாணவர்கள் ஒரே எண்ணில் மோதிக்கொள்வார்கள். கோப்பைப் பார்க்கத்தான் வேண்டும் என்றால் நோட்பேடில் திறந்து பாருங்கள். இரட்டைப் பதிவுகளில் எதை நீக்குவது? நிறுத்தம் ஒதுக்கப்பட்ட பழைய பதிவை வைத்துக்கொண்டு, புதிதாக முளைத்ததை நீக்குங்கள். மாற்றிச் செய்தால் ஒதுக்கீடும் சேர்ந்தே போகும்.

### காணாமல் போவது

இறக்குமதிக் கருவிகளில் 'கோப்பில் இல்லாத மாணவரை நடப்பில் இல்லாதவராக்கு' என்ற தேர்வு இருக்கும். பயனுள்ள தேர்வுதான், கோப்பு முழுமையாக வரும்வரை. பாதியில் அறுந்த கோப்பு வந்த இரவில் அது ஒரு பள்ளியையே காலி செய்துவிடும். கோப்பின் கடைசி வரியைப் பாருங்கள். பெயருக்கு நடுவிலோ முகவரிக்கு நடுவிலோ நின்றிருந்தால் அறுந்த கோப்பு என்று பொருள். சரியான கோப்பை வாங்கி இறக்குமதி செய்தால் மாணவர்கள் திரும்பி வந்துவிடுவார்கள். ஆனால் நடப்பில் இல்லாதவராக்கும்போது ஒதுக்கீட்டையும் நீக்கும் மென்பொருளாக இருந்தால் பேக்கப்பிலிருந்து எடுத்தால்தான் நிறுத்தங்கள் திரும்பும்.

இதற்கு ஒரு காவல் வைக்கலாம். பேட்ச் கோப்பின் தொடக்கத்திலேயே வரிகளை எண்ணி, நேற்றைவிட நூற்றுக்கு ஐந்துக்கு மேல் குறைந்திருந்தால் இறக்குமதி செய்யாமல் நின்றுவிடும்படி எழுதிவிடுங்கள். சில வரிகளில் முடிகிற வேலை.

### சிலருக்கு மட்டும் தகவல் இடம் மாறியிருக்கிறது

அஞ்சல் குறியீடு இருக்க வேண்டிய இடத்தில் தெருப் பெயர், வகுப்பு இருக்க வேண்டிய இடத்தில் தொலைபேசி எண். முகவரிக்குள் ஒரு காற்புள்ளி இருக்கிறது; கட்டங்களைக் காற்புள்ளியால் பிரிக்கும் சிஎஸ்வி கோப்பில் அது பத்தி பிரிப்பானாக எடுத்துக்கொள்ளப்பட்டது. ஏற்றுமதி செய்யும் பக்கத்தில் எல்லாக் கட்டங்களையும் மேற்கோள் குறிக்குள் போடச் சொல்லுங்கள், அல்லது டேப் பிரிப்பானுக்கு மாறுங்கள்.

### பெயர்கள் குழம்பியிருக்கின்றன

ஒவ்வொரு தமிழ் எழுத்தும் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று மூன்றாக விசித்திரக் குறிகள் தெரிந்தால், யுடிஎஃப்-8 (எழுத்துகளைக் கோப்பில் எண்களாகச் சேமிக்கும் ஒரு குறியாக்கம்) கோப்பை வேறு குறியாக்கம் என்று நினைத்து மென்பொருள் படித்திருக்கிறது. தமிழ்க் குறிகள் (க, ி போன்றவை) ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8-இல் மூன்று பைட் இடம் எடுக்கும், அதனால்தான் அந்த மூன்று. இறக்குமதி அமைப்பில் குறியாக்கத்தை மாற்றி மீண்டும் ஏற்றினால் சரியாகிவிடும். வரிசையாகக் கேள்விக்குறிகள் மட்டும் தெரிந்தால் மூல எழுத்து அந்த இடத்திலேயே தொலைந்துவிட்டது; கோப்பிலேயே கேள்விக்குறி இருக்கிறதா, ஏற்றியபின் வந்ததா என்று பாருங்கள். ஏற்றியபின் வந்தது என்றால் தரவுத்தளத்தின் அந்தக் கட்டம் யுனிகோடை ஏற்காத வகை. அதை மாற்றுவது மென்பொருள் நிறுவனத்தின் வேலை.

## அறிகுறி: முகவரிகள் வரைபடத்தில் பொருந்தவில்லை

பொருந்தாத முகவரிகளின் பட்டியலைத் தெருப் பெயர் வாரியாக வரிசைப்படுத்துங்கள். மற்ற எல்லாச் சோதனைகளையும்விட இந்த ஒன்று அதிகம் சொல்லும். ஒரே தெரு திரும்பத் திரும்ப வந்தால் கோளாறு வரைபடத்தில். பல தெருக்களில் ஒன்றிரண்டாகச் சிதறியிருந்தால் கோளாறு தட்டச்சில்.

### சிதறியிருக்கிறது

அடுக்குமாடி எண், தளம், 'கோயில் எதிரில்' போன்ற குறிப்புகள் தெரு வரியிலேயே கலந்திருக்கும். அவற்றை இரண்டாம் முகவரிக் கட்டத்துக்கு நகர்த்தினால் பெரும்பகுதி பொருந்திவிடும். கதவு எண் 5-12 என்று இருந்தது ஒரு தேதியாக மாறி நிற்கிறதா என்றும் பாருங்கள். மறுபடியும் எக்செலின் கைவண்ணம்தான். சுருக்கெழுத்து வேறுபாடுகளை ஒவ்வொன்றாகத் திருத்தாதீர்கள். மென்பொருளில் மாற்றுப் பெயர் அட்டவணை இருந்தால் ஒருமுறை சேர்த்தால் போதும், அடுத்த ஆண்டும் உதவும்.

### ஒரே தெருவில் குவிந்திருக்கிறது

தெரு வரைபடத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தும் பொருந்தவில்லை என்றால் அதன் கதவு எண் வரம்பு. வரைபடத்தில் ஒவ்வொரு தெருத் துண்டுக்கும் இடப்பக்க எண்கள் எதிலிருந்து எதுவரை, வலப்பக்கம் எதிலிருந்து எதுவரை என்று இருக்கும். வரம்பு 98-இல் முடிந்தால் 102-ஆம் எண் வீடு மென்பொருளைப் பொறுத்தவரை இல்லவே இல்லை. வரம்பை நீட்டிவிட்டு அந்தத் தெருவை மட்டும் மீண்டும் பொருத்துங்கள்.

முகவரி எவ்வளவு நெருக்கமாக ஒத்துப்போகிறது என்று சொல்லும் பொருத்த மதிப்பெண்ணின் கீழ் வரம்பைக் குறைத்து எல்லாவற்றையும் ஒப்பேற்றிவிடலாம் என்ற ஆசை வரும். பட்டியல் காலியாகும், உண்மைதான். 'கிழக்கு' என்று முடியும் தெருவில் இருக்கும் குழந்தை 'மேற்கு' என்று முடியும் தெருவில் போய் உட்கார்ந்திருக்கும். பொருந்தாத முகவரி கண்ணில் படும், தவறாகப் பொருந்திய முகவரி படாது.

### பொருந்தியிருக்கிறது, ஆனால் இடம் தவறு

வரைபடத்தை முழுவதும் தெரியும்படி சுருக்கிப் பாருங்கள். ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவில் புள்ளிகள் தெரிந்தால் அவை அட்சரேகை 0, தீர்க்கரேகை 0 என்று பதிவானவை, அதாவது வெற்றுக் கட்டங்கள். வேறெங்கோ தொலைவில் திரளாக இருந்தால் அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறியிருக்கும். பலர் ஒரே புள்ளியில் ஒருவர்மேல் ஒருவராக நின்றால், தெரு கிடைக்காதபோது அஞ்சல் பகுதியின் மையத்தில் வைத்துவிடும் தேர்வு டிக் ஆகியிருக்கிறது. கட்டம் போட்ட தாளில் வைத்ததுபோல் புள்ளிகள் வரிசையாக நின்றால் தசமங்கள் வெட்டப்பட்டுள்ளன: அட்சரேகையில் மூன்று தசமம் என்றால் சுமார் 111 மீட்டர் இடைவெளி, ஐந்து தசமம் என்றால் சுமார் 1.1 மீட்டர். ஐந்துக்குக் குறையாமல் வாங்குங்கள்.

எப்போது அழைப்பது: எல்லாப் புள்ளிகளும் ஒரே திசையில் ஒரே அளவு நகர்ந்திருந்தால் அது வரைபடத்தின் ஆயமுறைச் சிக்கல், அதாவது இடங்களை எண்களால் குறிக்கும் முறை பொருந்தவில்லை. புள்ளிகளை இழுத்து இழுத்துச் சரிசெய்யாமல் வரைபடத் தரவு தெரிந்தவரை அழையுங்கள்.

## அறிகுறி: நிறுத்த ஒதுக்கீடு கலைந்துவிட்டது

இருப்பதிலேயே விலை கூடிய பழுது இது. முகவரி தவறினால் திருத்திக்கொள்ளலாம். ஒதுக்கீடு கலைந்தால் மாதக்கணக்கில் பெற்றோரோடும் ஓட்டுநர்களோடும் பேசிப் பேசி அமைத்தது போகிறது. அந்தப் பேச்சு எந்தக் கட்டத்திலும் பதிவாகியிருக்காது.

முதலில் பார்க்க வேண்டியது ஒதுக்கீட்டுக் கருவியின் ஒரே ஒரு தேர்வை: 'ஏற்கெனவே உள்ள ஒதுக்கீட்டை மாற்று'. புதியவர்களுக்கு மட்டும் ஓட்ட நினைத்து இதை டிக் எடுக்காமல் விட்டிருந்தால், கருவி எல்லோரையும் அருகிலுள்ள நிறுத்தத்துக்கு நகர்த்தியிருக்கும். அருகில் என்பதற்கு மேல் அதற்கு எதுவும் தெரியாது.

அடுத்து, கையால் ஒதுக்கியவற்றுக்குப் பூட்டு இருந்ததா? சக்கர நாற்காலி தேவைப்படும் மாணவர்கள், காலையில் ஒரு வீட்டிலிருந்து ஏறி மாலையில் வேறு வீட்டில் இறங்குபவர்கள், உடன் வரும் ஆள் தேவைப்படுபவர்கள் ஆகிய மூன்று வகையினரும் எப்போதும் பூட்டப்பட்டிருக்க வேண்டும். பட்டியலில் முதலில் இவர்களைத்தான் சோதிக்க வேண்டும், எண்ணிக்கை குறைவு என்பதால் இவர்களைக் கடைசிக்குத் தள்ளக் கூடாது.

பிறகு சாலையின் பக்கம். 'வீடு இருக்கும் பக்கத்திலேயே ஏற வேண்டும்' என்ற நிபந்தனை விலகியிருந்தால், வரைபடத்தில் 20 மீட்டர் தூரத்தில் அழகாகத் தெரியும் நிறுத்தத்துக்குக் குழந்தை பெருஞ்சாலையைக் கடந்து போக வேண்டியிருக்கும். பெரிய சாலைகளை ஒட்டிய நிறுத்தங்களில் சேர்ந்த புதிய பெயர்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

மீட்பது எப்படி? தரவுத்தளம் முழுவதையும் நேற்றைய நிலைக்குக் கொண்டுபோவது சுலபமான வழி, இன்று யாரும் எதையும் மாற்றவில்லை என்றால். மாற்றியிருந்தால் நேற்றைய பேக்கப்பை வேறு பெயரில் ஒரு சோதனைத் தரவுத்தளமாகத் திறந்து, மாணவர் எண், காலை நிறுத்தம், மாலை நிறுத்தம் என்ற மூன்றை மட்டும் ஏற்றுமதி செய்யுங்கள். அதை நடப்புத் தரவுத்தளத்தில் இறக்குமதி செய்யும்போது முதலில் ஒரே ஒரு வழித்தடத்துக்குச் செய்து பார்த்துவிட்டு மீதியைத் தொடுங்கள்.

எப்போது அழைப்பது: இல்லாத நிறுத்தத்தைச் சுட்டும் ஒதுக்கீடுகள், பள்ளியே இல்லாத டிரிப்கள் என அறுந்த இணைப்புகள் தெரிந்தால் நிறுத்திக்கொள்ளுங்கள். அட்டவணைகளை நேரடியாகத் திருத்துவது மென்பொருள் நிறுவனம் செய்ய வேண்டியது.

## அறிகுறி: பஸ் தகுதி திடீரென மாறியது

நேற்று வரை பஸ்ஸில் வந்த பலர் இன்று 'நடந்து வருபவர்' பட்டியலில். தூர வரம்பின் அலகைப் பாருங்கள்: கிலோமீட்டரா, மைலா, மீட்டரா. அடுத்து, தூரத்தை நேர்கோட்டில் அளக்கிறதா, நடைபாதை வழியாக அளக்கிறதா என்ற தேர்வு. நேர்கோட்டுத் தூரம் எப்போதும் குறைவாகத்தான் வரும், ஆகவே தகுதி இழப்பவர்கள் கூடுவார்கள். சமீபத்தில் வரைபடம் புதுப்பிக்கப்பட்டிருந்தால், முன்பு 'நடக்க ஆபத்தானது' என்று நீங்கள் குறித்த சாலைகளின் குறி அழிந்திருக்கலாம். அப்படி அழிந்திருந்தால், குறிகளைத் திரும்பப் போடும்வரை எந்தப் பெற்றோருக்கும் கடிதம் அனுப்ப வேண்டாம்.

## அறிகுறி: நேரங்கள் பொருந்தவில்லை

### எல்லா டிரிப்களும் ஒரே அளவு தள்ளியிருக்கின்றன

பள்ளி மணி நேரம் மாற்றப்பட்டிருக்கிறது, அல்லது நேரக் கணக்கின் நங்கூரம் மாறியிருக்கிறது. காலை டிரிப்பைப் பள்ளிக்குச் சேரும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். முதல் நிறுத்தத்திலிருந்து முன்னோக்கிக் கணக்கிடச் சொல்லியிருந்தால் தாமதமெல்லாம் பள்ளி வாசலில் போய்ச் சேரும்.

### சில டிரிப்கள் மட்டும்

அந்த டிரிப்பின் பாதையை வரைபடத்தில் வரைந்து பாருங்கள். ஒரு நிறுத்தத்துக்குப் போக ஊரைச் சுற்றி வருகிறது என்றால் வழியில் ஒரு தெரு தவறாக ஒருவழியாக்கப்பட்டிருக்கும், அல்லது இரண்டு தெருத் துண்டுகள் சந்திப்பில் இணையாமல் இருக்கும். பார்வைக்கு ஒட்டியதுபோல் தெரியும். நன்றாகப் பெரிதாக்கினால் இடைவெளி தெரியும்.

ஓட்டுநர்கள் சொல்லிக் கையால் திருத்திய நேரங்கள் உள்ள டிரிப்களில் மறுகணக்குக் கருவியை ஓட்டவே வேண்டாம். அந்த நேரங்கள் மென்பொருளின் வேக அட்டவணையைவிட மெய்யானவை.

## அறிகுறி: ஆண்டு மாற்றத்துக்குப் பின் வகுப்புகள் குளறுபடி

எல்லோரும் இரண்டு வகுப்பு ஏறியிருந்தால் வகுப்பு உயர்த்தும் கருவி இருமுறை ஓடியிருக்கிறது. அல்லது மாணவர் பதிவு மென்பொருளிலிருந்து புதிய வகுப்போடு கோப்பு வந்தபின் இங்கேயும் உயர்த்தியிருக்கிறார்கள். இரண்டில் ஒன்றுதான் செய்ய வேண்டும். சரியான கோப்பு கையில் இருந்தால் மறு இறக்குமதியே வகுப்பைச் சரிசெய்துவிடும். ஆனால் கடைசி வகுப்பைத் தாண்டியவர்கள் என்று கருவி நீக்கிவிட்ட மாணவர்களைப் பேக்கப்பிலிருந்துதான் எடுக்க முடியும்.

## அறிகுறி: முன்பு சீக்கிரம் முடிந்த வேலை இப்போது விடியும்வரை ஓடுகிறது

கருவியை உங்கள் மேசைக் கணினியிலிருந்து ஓட்டாமல் சர்வரிலேயே ஓட்டிப் பாருங்கள். பழைய ஆண்டுகளின் பதிவுகளைக் காப்பகத்துக்கு மாற்றிவிட்டு, தேடலை விரைவாக்கும் குறியீட்டு அட்டவணைகளை (இண்டெக்ஸ்) மறுகட்டமைப்புச் செய்யுங்கள். இரண்டு பேட்ச் வேலைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றனவா என்று நேரத்தைப் பாருங்கள். பேக்கப் ஓடும் நேரத்தில்தான் பெரும்பாலும் மோதும். இலவசத் தரவுத்தள மென்பொருளான எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸின் 2022 வரையிலான பதிப்புகளில் ஒரு தரவுத்தளம் 10 ஜிபியைத் தாண்ட முடியாது. அந்த அளவை நெருங்கினால் பழையதைக் காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும், அல்லது கட்டணப் பதிப்புக்கு மாற வேண்டும். தரவுத்தளம் கெடாமல் இருக்கிறதா என்று பார்க்கும் ஒருமைச் சோதனையில் பிழை என்று ஒரு வரி வந்தாலும் எல்லாப் பேட்ச் வேலைகளையும் நிறுத்திவிட்டு நிர்வாகியை அழையுங்கள். 'பழுது நீக்கு' என்ற கட்டளை கெட்ட பக்கங்களைத் தரவோடு சேர்த்தே தூக்கி எறியக்கூடும்.

## அழைக்கும்போது கையில் இருக்க வேண்டியவை

மென்பொருளின் பதிப்பு எண், வரைபடத்தின் பதிப்பு, முன்னும் பின்னும் எடுத்த மூன்று எண்ணிக்கைகள், லாக் கோப்பு, கருவியில் டிக் செய்த தேர்வுகளின் திரைப்பிடிப்பு, பாதிக்கப்பட்ட ஐந்தாறு பதிவுகளின் மாணவர் எண்கள். முழுத் தரவுத்தளத்தையும் மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னால் அனுப்ப வேண்டாம். அதில் ஒவ்வொரு குழந்தையும் எந்தத் தெரு முனையில் எத்தனை மணிக்கு நிற்கிறது என்பது இருக்கிறது. அவர்களுடைய பாதுகாப்பான பதிவேற்றத் தளத்தைக் கேளுங்கள், அல்லது நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொலை இணைப்பில் வரச் சொல்லுங்கள். அவர்கள் தரும் திருத்தத்தை முதலில் சோதனைத் தரவுத்தளத்தில் ஓட்டி, மூன்று எண்ணிக்கைகளும் நேற்றைய எண்ணோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்த்த பிறகே இரவு வேலையை அட்டவணையில் திரும்பச் சேருங்கள்.